ஆர்டர் கையில்... வேலை எங்கே?

2022 ஜூன், ஜூலை மாதங்களில் புது டெல்லி ரயில் நிலையத்தில் இறங்கியவர்கள் அந்த இளைஞர்களைக் கடந்து போயிருக்கக்கூடும். பிளாட்ஃபாரங்களில் உட்கார்ந்து, எந்த ரயில் வருகிறது, எது போகிறது, எதில் எத்தனை பெட்டி என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். தினமும் எட்டு மணி நேரம், ஏறக்குறைய ஒரு மாதம். மொத்தம் 28 பேர். அத்தனை பேரும் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். டிக்கெட் பரிசோதகர், டிராஃபிக் அசிஸ்டன்ட், கிளார்க் வேலைகளுக்கு இதுதான் பயிற்சி என்று அவர்களிடம் சொல்லப்பட்டிருந்தது.

ஆளுக்கு 2 லட்சம் ரூபாயிலிருந்து 24 லட்சம் ரூபாய் வரை கட்டியிருந்தார்கள். எல்லாம் சேர்த்து 2 கோடியே 67 லட்சம். பயிற்சி முடிந்ததும் சான்றிதழும் நியமன ஆணையும் கொடுத்தார்கள். அவற்றை ரயில்வே அதிகாரிகளிடம் கொண்டுபோய்க் காட்டியபோதுதான், அடையாள அட்டை உட்பட எல்லாமே போலி என்று தெரிந்தது. டெல்லி போலீஸின் பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குப் பதிந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் நாடு முழுக்கச் செய்தியானது.

செய்தியைப் படித்துவிட்டு, "ரயில் பெட்டியை எண்ணுவது ஒரு வேலையா? படிச்ச பசங்களுக்கு இதுகூடத் தெரியாதா?" என்று கேட்டவர்கள் பலர். அந்தக் கேள்வியை நான் ஏற்கவில்லை. புகாரில் உள்ள விவரங்களைப் பாருங்கள். முதலில் ரயில்வே மருத்துவமனையில் மருத்துவப் பரிசோதனை என்று கூப்பிட்டிருக்கிறார்கள். பிறகு வடக்கு ரயில்வேயின் ஒரு அலுவலகத்தில் சான்றிதழ் சரிபார்ப்பு என்று வரச்சொல்லியிருக்கிறார்கள். அதன்பின் பயிற்சிக்கான உத்தரவு, அடையாள அட்டை. முதன்முறையாக டெல்லிக்குப் போகிற, இந்தி தெரியாத ஒரு மதுரைப் பையனுக்கு இத்தனை சடங்குகளுக்குப் பிறகும் சந்தேகம் வந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. மோசடிக்காரர்கள் விற்பது வேலையை அல்ல. வேலைக்குப் போகும் வழியில் வருகிற இந்தச் சடங்குகளைத்தான்.

அந்த வழக்கில் ஒரே ஒரு விஷயம் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்திருக்கும். பணம் வாங்கிய டெல்லி ஆசாமி, இவர்களை எப்போதும் கட்டடத்துக்கு வெளியிலேயே சந்தித்திருக்கிறார். எந்த ரயில்வே அலுவலகத்துக்குள்ளும் அவர் இவர்களைக் கூட்டிப் போனதே இல்லை என்று பாதிக்கப்பட்டவர்களே பின்னர் சொன்னார்கள்.

'நமக்குத் தெரிஞ்சவர்தான்'

வேலை மோசடி என்றதும் எங்கோ இருந்து போன் செய்கிற முகம் தெரியாத ஆள்தான் நம் நினைவுக்கு வருகிறார். பெரிய தொகை போவது பெரும்பாலும் அவரிடம் அல்ல. ஊர்க்காரர், சொந்தக்காரர், ரிட்டயர்டு வாத்தியார், கட்சிக்காரர், கோயில் கமிட்டியில் இருப்பவர், இப்படி யாரோ ஒருவர் வழியாகத்தான் போகிறது. டெல்லி வழக்கிலும் இளைஞர்களுக்கும் டெல்லி ஆசாமிக்கும் நடுவில் நின்றவர் வயதான ஒரு முன்னாள் ராணுவ வீரர். தானும் நம்பி ஏமாந்ததாகச் சொல்லி, போலீஸில் புகார் கொடுத்ததே அவர்தான்.

இந்தத் தொழிலின் சங்கிலி இப்படித்தான் இருக்கும். மேலே இருப்பவர் யாரென்று கீழே இருப்பவருக்குத் தெரியாது. நடுவில் நாலைந்து பேர், ஒவ்வொருவருக்கும் கமிஷன். கடைசியில் நம் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருகிறவர் நல்லவராகவே இருக்கலாம். "அவரை முப்பது வருஷமா தெரியும், அவர் ஏமாத்த மாட்டார்" என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். உண்மைதான், அவர் ஏமாற்றாமல் இருக்கலாம். ஆனால், அவருக்கு மேலே இருப்பவரை அவருக்கு எத்தனை நாளாகத் தெரியும் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்ற தயக்கம். அந்தத் தயக்கத்தின் மேல்தான் நகை அடகுக்குப் போகிறது, நிலத்தின் பத்திரம் கைமாறுகிறது.

"பாதி இப்போ, மீதி ஆர்டர் கைக்கு வந்ததும்" என்பது புரோக்கர்களின் நெடுநாள் வாசகம். கேட்பவருக்கு அது பாதுகாப்பாகத் தோன்றும். ஆர்டர் வராவிட்டால் மீதியைக் கொடுக்க வேண்டாமே! அதனால்தான் அவர்கள் ஆர்டரைத் தவறாமல் கொடுக்கிறார்கள். சிங்க முத்திரை, கோபுர முத்திரை, ரப்பர் ஸ்டாம்ப், பச்சை மையில் கையெழுத்து என்று குறையே இல்லாமல் இருக்கும். மீதிப் பணம் கைமாறிய பிறகு "ஜாயினிங் தேதி தள்ளிப்போகுது, எலெக்‌ஷன் முடியட்டும், புது ஆபீசர் வரட்டும்" என்று மாதங்கள் ஓடும்.

அரசு வேலைக்கு முறைப்படி என்ன செலவாகும்? டி.என்.பி.எஸ்.சி. நிரந்தரப் பதிவுக்கு 150 ரூபாய், குரூப் 4 தேர்வுக் கட்டணம் 100 ரூபாய். குரூப் 4-ல் நேர்முகத் தேர்வே கிடையாது. எழுத்துத் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு, அவ்வளவுதான். ரயில்வே தேர்வு வாரியத்தில் பொதுப்பிரிவு ஆண்களுக்கு 500 ரூபாய். கணினித் தேர்வை எழுதினால் அதிலும் 400 ரூபாயைத் திருப்பித் தந்துவிடுகிறார்கள். பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் கட்டணம் 250 ரூபாய், அது முழுவதும் திரும்ப வரும். தேர்வானவர்களின் பதிவெண்கள் வாரியத்தின் இணையதளத்தில் வெளியாகின்றன. அறிவிப்பு இல்லாமல், தேர்வு எழுதாமல், பட்டியலில் எண் வராமல் ரயில்வேயில் கிளார்க் ஆவதற்குப் புரோக்கர் காட்டுகிற குறுக்கு வழி எதுவும் கிடையாது.

இதெல்லாம் தெரியாமல் யாரும் பணம் கொடுப்பதில்லை. தெரிந்தேதான் கொடுக்கிறார்கள். ஏனென்றால், "காசு இல்லாம எந்த வேலை கிடைக்குது?" என்று நாம் எல்லோருமே வீட்டிலும் டீக்கடையிலும் சொல்லிச் சொல்லி, அதை ஊரறிந்த உண்மையாக்கி வைத்திருக்கிறோம். 2024-ல் குரூப் 4 தேர்வை எழுதியவர்கள் 15 லட்சத்துக்கும் மேல். முதலில் அறிவித்த இடங்கள் 6,244. நேர்வழியில் இவ்வளவு நெரிசல் இருக்கும்போது, பக்கத்தில் ஒருவர் வந்து "மேலிடத்துல ஆள் இருக்கு தம்பி" என்று சொன்னால் மனம் சாய்கிறது. லஞ்சம் நிஜமாகவே நடந்த இடங்களும் உண்டு என்பதால் அவர் சொல்வது பொய்யாகவும் தெரிவதில்லை. இன்னொன்றும் இருக்கிறது. லஞ்சமாகக் கொடுத்த பணத்தைப் பறிகொடுத்தவர் போலீஸுக்குப் போகக் கூச்சப்படுவார். "நீயும்தானே தப்பு பண்ணினே" என்ற ஒரு கேள்வியில் அவர் வாய் அடைத்துப்போகும். புரோக்கருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேண்டியதில்லை.

சென்னையில் ஐ.டி. வேலை தேடுகிறவர்களிடம் இதே வியாபாரம் 'பேக்டோர்' என்ற பெயரில் நடக்கிறது. கன்சல்டன்சி என்று ஒரு போர்டு, ஒரு சின்ன ஏ.சி. அறை. ஒரு லட்சம், இரண்டு லட்சம் வாங்கிக்கொண்டு, இல்லாத கம்பெனியில் மூன்று வருடம் வேலை பார்த்ததாகப் போலி அனுபவச் சான்றிதழ் தயாரித்துக் கொடுப்பார்கள். இதில் ஏமாற்றப்படுகிறவர் பணத்தை மட்டும் இழப்பதில்லை. பெரிய நிறுவனங்கள் பின்னணி விசாரணை செய்யும்போது பி.எஃப். பதிவைப் பார்க்கின்றன. அங்கே அந்த மூன்று வருடத்துக்கான கணக்கு இல்லையென்றால், போலிச் சான்றிதழ் கொடுத்த குற்றம் வேலை கேட்டவர் தலையில்தான் விடியும். அதன்பின் உண்மையான தகுதிக்குக் கிடைக்க வேண்டிய வேலையும் கிடைக்காது.

மியாவாடிக்குப் போன டேட்டா என்ட்ரி

உள்ளூர் மோசடியில் பணம் போகும். வெளிநாட்டு மோசடியில் ஆளே போய்விடுகிறார்.

"தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, டிஜிட்டல் மார்க்கெட்டிங். சாப்பாடு, தங்கும் இடம் இலவசம், டாலரில் சம்பளம்." இப்படி ஒரு விளம்பரம் 2022-லிருந்து டெலிகிராம், ஃபேஸ்புக் குழுக்களில் சுற்றிவருகிறது. ஜூம் வழியாக நேர்காணல் நடக்கும். ஆங்கிலம் பேசத் தெரியுமா, டைப்பிங் வேகம் என்ன என்று சோதிப்பார்கள். இந்தச் சோதனையில் தேறியதால்தான் வேலை கிடைத்தது என்று பையன் உறுதியாக நம்புவான். அந்தத் திறமை அவர்களுக்குத் தேவைதான். ஆனால் அவன் நினைக்கிற வேலைக்கு அல்ல. பாங்காக்கில் இறங்கியதும் கார் காத்திருக்கும். அலுவலகம் நகரத்தில் இருக்கிறது என்று சொன்னவர்கள், ஏறக்குறைய 500 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு மே சோட் என்ற எல்லை ஊருக்குக் கொண்டுபோவார்கள். அங்கே ஓடுவது மோயி ஆறு. படகில் ஏற்றி அக்கரைக்குக் கடத்தினால், மியான்மரின் மியாவாடி. ஆயுதக் குழுக்களின் பிடியில் இருக்கும் பகுதி அது. உயரமான மதில், முள்கம்பி, துப்பாக்கியோடு காவல். பாஸ்போர்ட்டையும் போனையும் பிடுங்கிக்கொள்வார்கள்.

அதன்பின் வேலை என்னவென்றால், அழகான பெண்ணின் படத்தை வைத்துப் போலிக் கணக்கு தொடங்கி, அமெரிக்காவிலோ இந்தியாவிலோ இருப்பவரிடம் வாரக்கணக்கில் அன்பாகப் பேசி, கிரிப்டோவில் முதலீடு செய்யவைத்துப் பணத்தைப் பிடுங்குவது. தினமும் இலக்கு உண்டு. எட்டாவிட்டால் அபராதம், அடி, மின்சார அதிர்ச்சி. ஊருக்குப் போக வேண்டுமென்றால் பல ஆயிரம் டாலர் கட்டு என்பார்கள். கம்போடியாவின் சிஹானூக்வில்லிலும், லாவோஸின் தங்க முக்கோணப் பகுதியிலும் இதே கதைதான். மியான்மரில் மட்டும் குறைந்தது 1,20,000 பேரும், கம்போடியாவில் ஏறக்குறைய 1,00,000 பேரும் இப்படிச் சிக்கியிருக்கலாம் என்று 2023 ஆகஸ்ட்டில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் மதிப்பிட்டது.

இந்திய வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரிலேயே எச்சரிக்கை வெளியிட்டது. 'டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்ஸிக்யூட்டிவ்' என்ற பதவிப் பெயரைக்கூடக் குறிப்பிட்டே சொன்னது. அடுத்த மாதம், மீட்கப்பட்ட தமிழர்கள் 13 பேர் மியான்மரிலிருந்து சென்னை வந்து சேர்ந்தார்கள். ஆனாலும் ஆட்கள் போவது நிற்கவில்லை. 2025 மார்ச்சில் இந்திய விமானப்படை விமானங்கள் மே சோட்டுக்குப் போய் 549 பேரை அழைத்து வர வேண்டியிருந்தது. எச்சரிக்கைக்கும் இந்த மீட்புக்கும் நடுவே இரண்டரை வருடம்.

ஏன் நிற்கவில்லை என்பதற்கு நம் சட்டத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. 1983-ம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின்படி, பத்தாம் வகுப்பு தேறாதவர் வளைகுடா நாடுகள் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது குடிபெயர்வோர் பாதுகாவலரிடம் அனுமதி வாங்க வேண்டும். அவருடைய ஒப்பந்தத்தையும் முதலாளியையும் அரசு ஒருமுறை பார்க்கும். தாய்லாந்தும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால், பத்தாம் வகுப்பு தேறியவருக்கு இந்த அனுமதி தேவையில்லை. படித்தவர் தன்னைத் தானே பார்த்துக்கொள்வார் என்ற நினைப்பில் 40 வருடங்களுக்கு முன் எழுதிய சட்டம் அது. கொத்தனார் வேலைக்குப் போகிறவருக்கு இருக்கும் அந்த ஒரு சோதனைகூட, பி.இ. முடித்துவிட்டு டூரிஸ்ட் விசாவில் பாங்காக் போகிற பையனுக்கு இல்லை. அதே சட்டத்தில், பதிவு இல்லாமல் ஆள் அனுப்புகிற ஏஜென்ட்டுக்கு அதிகபட்சம் இரண்டு வருடம் சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். ஒரு தலைக்கு லட்சக்கணக்கில் கமிஷன் பார்க்கிறவருக்கு இரண்டாயிரம் ரூபாய்! மற்ற பிரிவுகளிலும் வழக்குப் போட முடியும் என்றாலும், இந்தத் தொகை இன்னும் சட்டப் புத்தகத்தில் இருப்பது வெட்கக்கேடு.

மத்திய அரசின் குடியேற்றப் பணியகத்தின் கணக்குப்படி, 2022 ஜனவரி முதல் 2024 மே வரை பார்வையாளர் விசாவில் தாய்லாந்து, கம்போடியா, மியான்மர், வியட்நாம் போய்த் திரும்பாத இந்தியர்கள் 29,466 பேர். அதில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். இவர்கள் எல்லோரும் மோசடிக் கூடாரங்களில் இருக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. ஆனால், எந்த வீட்டிலாவது பையனின் போன் பல வாரங்களாக அணைந்து கிடந்தால், "வேலை பிஸி" என்று காத்திருக்க வேண்டாம்.

வெளிநாட்டு வேலைக்கு இரண்டு விஷயங்களைப் பார்த்தாலே பாதிக் குழி தாண்டிவிடலாம். முதலாவது, விசா. டூரிஸ்ட் விசாவில் போய்ச் சேர்ந்த பிறகு வேலை விசாவாக மாற்றித் தருகிறோம் என்று சொல்கிறவரோடு பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, ஏஜென்ட்டின் பதிவு. வெளியுறவு அமைச்சகத்தின் 'இ-மைக்ரேட்' தளத்தில் பதிவுபெற்ற ஏஜென்ட்டுகளின் பட்டியல் இருக்கிறது. பெயரும் முகவரியும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு: 30,000 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. அதற்கு ரசீதும் தர வேண்டும். "நான் அந்தப் பெரிய ஏஜென்சியோட சப் ஏஜென்ட்" என்று சொல்கிறவரிடம் பணம் கொடுக்க வேண்டியதில்லை, நேரே அந்த ஏஜென்சிக்கே போய்க் கேட்கலாம். தமிழ்நாடு அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று சென்னையில் இருக்கிறது. 1978-லிருந்து ஆள் அனுப்புகிறது. நர்ஸ், டிரைவர், டெக்னீஷியன் வேலைகளுக்கு அங்கே விசாரிக்காமல் தனியாரிடம் போகக் காரணமே இல்லை.

போனுக்குள் வருகிற வேலை

வீட்டிலிருந்தபடியே பென்சில் பேக்கிங், யூடியூப் வீடியோவுக்கு லைக் போட்டால் 50 ரூபாய், ஃபார்ம் நிரப்பினால் மாதம் 25,000. பெண்களையும் கல்லூரி மாணவர்களையும் குறிவைக்கிற இந்த வகையில், முதலில் பணம் அவர்களிடமிருந்துதான் வரும். நூற்றைம்பது, முன்னூறு என்று கணக்கில் விழுந்ததும் நம்பிக்கை பிறக்கும். பிறகு டெலிகிராம் குழுவில் சேர்ப்பார்கள். அங்கே நூறு பேர் "எனக்கு 18,000 வந்தது", "எனக்கு 40,000 வந்தது" என்று ஸ்கிரீன்ஷாட் போட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்த நூறு பேரில் ஏமாறப்போகிறவர் நீங்கள் ஒருவர்தான், மற்றவர்கள் அவர்களுடைய ஆட்கள். அடுத்து 'பிரீபெய்டு டாஸ்க்': ஆயிரம் கட்டு, 1,300 எடு. கடைசியில் பெரிய தொகை கட்டியதும் கணக்கு முடங்கும், விடுவிக்க வரி கட்டு என்பார்கள். 2023 டிசம்பரில் இப்படிப்பட்ட பகுதிநேர வேலை மோசடித் தளங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை மத்திய அரசு முடக்கியது. புதிய பெயரில் மறுபடி வருகிறார்கள்.

இதில் ஒரு கிளை, கொஞ்சம் கொடூரமானது. டைப்பிங் வேலை என்று ஒப்பந்தம் போட்டு ஃபைல்களை அனுப்புவார்கள். இரவு பகலாக டைப் செய்து முடித்தால், பிழை அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள் என்று வக்கீல் நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் வரும். பணம் கட்டாவிட்டால் வழக்கு, வாரண்ட் என்று மிரட்டுவார்கள். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் வேலையை எடுத்த பெண், பயந்துபோய் ஆறாயிரமோ எட்டாயிரமோ கட்டிவிடுவார். நோட்டீஸ் வந்தால் பயப்படாமல் வீட்டில் சொல்லுங்கள். டைப்பிங்கில் பிழை இருந்தது என்பதற்காக யாரையும் போலீஸ் கைது செய்யாது.

இதைவிட ஆபத்தான இன்னொன்று, "உங்க பேங்க் அக்கவுன்ட்ல பணம் வரும், அதை நாங்க சொல்ற கணக்குக்கு மாத்துங்க, கமிஷன் தர்றோம்" என்கிற வேலை. மற்றவர்களிடம் திருடிய பணம் உங்கள் கணக்கு வழியாகப் போகும். வழக்கு வரும்போது போலீஸ் முதலில் தட்டுகிற கதவு உங்களுடையது.

ஆஃபர் லெட்டரைக் கையில் எடுங்கள்

நிறுவனத்தின் லோகோவைப் பார்க்காதீர்கள், அதை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். மெயில் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பெரிய நிறுவனம் ஜிமெயிலிலிருந்து ஆர்டர் அனுப்பாது. சில சமயம் நிறுவனத்தின் பெயரோடு 'கேரியர்ஸ்', 'ஹெச்.ஆர்.' என்று ஒரு வாலை ஒட்டிப் புதிய முகவரி உருவாக்கியிருப்பார்கள். எனவே மெயிலில் உள்ள லிங்க்கைத் தொடாமல், நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்குத் தனியாகப் போய், அங்கே உள்ள தொலைபேசி எண்ணில் கேட்க வேண்டும். லெட்டரில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்தால், எழுதியவரே எடுத்து "ஆமாம், கன்ஃபர்ம்" என்பார்.

அடுத்து, சம்பளப் பத்திக்குக் கீழே வாருங்கள். லேப்டாப் டெபாசிட், யூனிஃபார்ம், பயிற்சிக் கட்டணம், காவல்துறைச் சரிபார்ப்பு, 'திருப்பித் தரப்படும்' என்ற அடைமொழியோடு ஒரு தொகை. அதற்கு ஒரு கெடு: இன்று மாலை ஐந்து மணி. எந்தப் பெயரில் இருந்தாலும் வேலை கொடுக்கிறவர் வேலைக்கு வருகிறவரிடம் பணம் கேட்டால் அது வேலை அல்ல. பணம் அனுப்பும் திரையையும் கவனியுங்கள். யு.பி.ஐ.யில் எண்ணைப் போட்டதும், பெறுபவரின் பெயர் வரும். பன்னாட்டு நிறுவனத்தின் டெபாசிட் என்று சொல்லிவிட்டு, அங்கே யாரோ ஒரு தனி நபரின் பெயர் வந்தால் கை அங்கேயே நிற்க வேண்டும்.

ஆதார், பான், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் நகல்களையும் நேர்காணலுக்கு முன்பே அனுப்ப வேண்டியதில்லை. அந்த நகல்களில் உங்கள் பெயரில் சிம் வாங்குவார்கள், கணக்குத் திறப்பார்கள்.

பணம் போன பிறகு

ஆன்லைனில் பணம் அனுப்பியிருந்தால் முதலில் அழைக்க வேண்டியது 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை. பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவிக்கொண்டே இருக்கும். அது வெளியே எடுக்கப்படும் முன் பிடித்தால் முடக்க முடியும். அதனால் முதல் சில மணி நேரம்தான் முக்கியம். "வீட்டில் என்ன சொல்வது" என்று யோசித்து ஒரு வாரம் கழித்துப் போனால் காவல்துறையால் செய்யக்கூடியது குறைவு. வாட்ஸ்அப் உரையாடல், டெலிகிராம் பெயர், பரிவர்த்தனை எண், ஆஃபர் லெட்டர் எதையும் அழிக்காதீர்கள். கோபத்தில் பிளாக் செய்வதற்கு முன் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.

பணத்தை ரொக்கமாகக் கொடுத்தவர்கள் புகாருக்கு ஆதாரம் இல்லை என்று சோர்ந்துவிடுகிறார்கள். நகை அடகு வைத்த ரசீது, வங்கியிலிருந்து பெருந்தொகை எடுத்த தேதி, அன்று நடந்த போன் அழைப்புகள், உடன் வந்த சாட்சி எல்லாமே ஆதாரம்தான். புரோக்கர் "போலீஸுக்குப் போனா ஒரு பைசா வராது, பொறுமையா இருந்தா தந்துடுவேன்" என்பார். கொஞ்சம் பணத்தைத் திருப்பிக் கொடுத்து மாதங்களைக் கடத்துவார். சிலரிடம், "இன்னும் நாலு பேரைச் சேர்த்துவிடு, உன் பணத்தைக் கழிச்சுக்கறேன்" என்று பேரம் பேசுவார். இந்த இடத்தில்தான் ஏமாந்தவர் ஏமாற்றுகிறவராக மாறுகிறார். தன் பணம் வந்தால் போதும் என்று தங்கையின் கணவரையோ கல்லூரித் தோழனையோ இழுத்துவிட்டால், அடுத்த வழக்கில் அவர் பெயர் குற்றவாளிகள் பட்டியலில் இருக்கும்.

தனியாகப் போகத் தயங்குகிறவர்கள், அதே ஆளிடம் பணம் கொடுத்த மற்றவர்களைத் தேடிச் சேர்ந்து போகலாம். ஒரே புரோக்கரைப் பற்றிப் பத்துப் பேர் ஒன்றாகப் போனால், அதைத் தனிப்பட்ட கொடுக்கல் வாங்கல் தகராறு என்று ஸ்டேஷனில் தட்டிக்கழிப்பது கடினம். "பணம் டெல்லியில கைமாறியிருக்கு, அங்க போய்ப் புகார் குடுங்க" என்று அனுப்பிவிடவும் முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். ஸ்டேஷனில் பதிய மறுத்தால், எழுத்து மூலமாக மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பவும், அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகவும் அதே பிரிவு வழி சொல்கிறது.